நாய்க்கு முன்னால்

“இன்னும் மழை போடு.”

“போட்டுட்டேன்டா. எவ்வளவுதான் போடுறது? இதுக்கு மேல போட்டா நோவாவோட கப்பல்தான் வரும்.”

“கப்பல் வராது, நாய்தான் வரும். நீ பயப்படாம போடு.”

“எனக்கென்ன பயம்? ஒபிஸ் கம்பியூட்டர்ல உக்காந்து பொய் மழை போடுறத யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“சின்ன வயசுல போட்டப்ப இதெல்லாம் நெனைச்சியா?”

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசைப்பலகையில் தூசி படிந்த எண்களை மறுபடியும் தட்டினாள். வெளியே நிஜ மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவள் விரல் நுனியில் பொய் மழை.

வெள்ளிக்கல் தோட்டத்து ஒபிஸின் பின்னறை அது. உடைந்த நாற்காலிகள், ஓடாத தராசு, பழைய விஷ மருந்து டப்பாக்கள் என்று தோட்டத்துக்கு வேண்டாதவை எல்லாம் வந்து சேரும் இடம். அதன் மூலையில் இந்தக் கணினியும் ஒன்று. முதுகு பெருத்த பழைய திரை. அடுத்த வாரம் ராகலையிலிருந்து பழைய இரும்புக்காரன் வருகிறான் என்று சுலக்ஷனா போனில் சொன்னதும், மதுரன் கொழும்பில் லீவு போட்டுவிட்டு மழையோடு மழையாக பஸ் ஏறி வந்துவிட்டான்.

சுலக்ஷனா இப்போது அந்த ஒபிஸில் கிளாக்கர். மதுரனின் அப்பா செல்லசாமி அதே ஒபிஸில் பெரிய கிளாக்கராக இருந்தவர். சுலக்ஷனாவின் அம்மா ராசம்மா தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு மலையில் கொழுந்து பறித்தவள். கால் முடியாமல் நின்றபிறகும் கீழ்க்கணக்கு லயத்தின் வரிசை வீடுகளிலேயே குடியிருக்கிறாள். சுலக்ஷனாவும் அங்கேதான். அண்ணனும் அண்ணியும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டதால் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த ஒற்றையறைக் காம்பிராவில்தான். மழைக்காகப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் அம்மாவைப் படாத பாடு படுத்திக்கொண்டிருக்கும் என்று காலையிலிருந்தே சுலக்ஷனாவுக்கு நினைப்பு.

மதுரனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய மென்பொருள்களுக்குள் அவற்றைச் செய்தவர்கள் ஒளித்து வைத்துவிட்டுப் போனதை எல்லாம் தேடுவான். கணக்குப் போடும் ஒரு மென்பொருளுக்குள் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒளிந்திருந்த கதையை அவன் சொன்னால், காட்டுக்குள் யாரும் அறியாத கோயிலைக் கண்டுவிட்டு வந்தவன் சொல்வது போல இருக்கும்.

“இப்பெல்லாம் ஒருத்தனும் எதையும் ஒளிக்கிறதில்ல, சுலா. கம்பெனிக்காரன் விடமாட்டான். நான் எழுதுறதுல ஒரு புள்ளி அதிகமா இருந்தாலும் ஏன்னு கேப்பான். அந்தக் காலத்துல அப்படியா? செஞ்சவன் தன்னோட பேர ஒரு மூலையில போட்டுட்டுப் போவான். எவனாச்சும் ஒருநாள் தொட்டுப் பாப்பான்னு ஒரு நம்பிக்கை.”

“அலோசியஸ் ஐயா மாதிரி.”

“அலோசியஸ் ஐயா மாதிரி.”

அலோசியஸ் ஐயா இந்த ஒபிஸில் சின்னக் கிளாக்கராக இருந்தவர். மாதா கோயில்காரர்கள் ஹட்டனில் நடத்திய வகுப்புக்குப் போய்க் கணினி படித்துவிட்டு வந்து, தோட்டத்துக்காகத் தானே ஒரு மென்பொருள் எழுதினார். கொழுந்து நிறையும் மழை அளவும் பதிகிற சாதாரண வேலைதான் அதற்கு. ஆனால் திறந்தவுடன் ஒரு படம் வரும். கட்டம் கட்டமாக, பாசிமணி கோத்தது போல வரைந்த வெள்ளிக்கல் மலை. நடுவில் தேயிலை அரைக்கிற ஸ்டோர், மேலே மேல்கணக்கு லயம், கீழே கீழ்க்கணக்கு லயம், ஓர் ஓரத்தில் மாரியம்மன் கோயில், உச்சியில் மாதா கோயில். ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.

பெரியவர்களுக்கு அது வெறும் படம். மதுரனும் சுலக்ஷனாவும் அதற்குள் குடியே இருந்தார்கள். தை முதல் தேதியைப் போட்டால் லய வாசலில் ஒரு பானை பொங்கி வழியும். நத்தார் தேதியைப் போட்டால் மாதா கோயிலுக்கு மேலே நட்சத்திரம் வரும். பெயர் கேட்கும் இடத்தில் ‘ராசம்மா’ என்று தட்டினால், எறும்பளவு பெண் ஒருத்தி முதுகில் கூடையோடு திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போவாள். தன் அம்மாவை முதன்முதலாக அந்தத் திரையில் பார்த்த அன்றைக்கு சுலக்ஷனா சாப்பிடவே இல்லை. அலோசியஸ் ஐயா இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. பேசவே மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்துகிற சத்தத்தைக் கேட்டு லேசாகச் சிரிப்பார். அவர் கந்தப்பளைக்கு மாறிப் போய், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

எல்லாவற்றையும்விட அபூர்வமானது நாய். அது தேதிக்கும் வராது, பெயருக்கும் வராது. அடுத்தடுத்த நாட்களில் பெருமழை பெய்தால்தான் வரும்.

சுலக்ஷனாவின் போன் அடித்தது. அம்மா.

“புள்ள, கதவு சாத்த முடியலடி. நெலையில இறுகிப் போயி நிக்குது. வரும்போது ஆசாரிய கூட்டிட்டு வா.”

“மழையில மரம் ஊறியிருக்கும்மா. காஞ்சா சரியாயிரும்.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? பக்கத்துக் காம்பிரா அழகம்மா வீட்டுக் கதவும் அப்படித்தானாம். மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி வேற செஞ்சேறா வருது. சோறு வடிக்க மழைத் தண்ணியத்தான் புடிச்சு வச்சிருக்கேன்.”

“சரிம்மா, பொழுதோட வந்துர்றேன். பிள்ளைங்கள வெளிய விடாதீங்க.”

“வெளிய எங்க விடுறது? ரெண்டும் கட்டிலுக்கடியில கடை வச்சு வெளையாடுதுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மதுரன் அவள் காதைப் பிடித்துத் திரையின் பக்கம் திருப்பாத குறைதான்.

“வந்துருச்சு! சுலா, பாரு, வந்துருச்சு!”

கீழ்க்கணக்கு லயத்தின் கடைசி வாசலிலிருந்து ஒரு கறுப்பு நாய் எழுந்து நின்றது. நாலைந்து புள்ளிகளாலான நாய். வால் மட்டும் ஆடியது. பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கியது. இருவரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

“எங்கப்பாவுக்கு இதக் கண்டாலே ஆகாது,” என்றான் மதுரன். “நாய் நடந்து முடியிற வரைக்கும் கம்பியூட்டர் எதுக்கும் அசையாதுல்ல. வெளிய கொழுந்து லொறி நிக்கும், இவரு உள்ள நாய் நடக்கிறதப் பாத்துக்கிட்டு நிக்கணும். ‘சனியன் புடிச்ச நாய், சனியன் புடிச்ச நாய்’னு ப்ளக்க புடுங்கிருவாரு.”

“அப்புறம் அந்த வழக்கம் வந்துச்சே.”

“என்னது?”

“நாய்க்கு முன்னால நிறுத்துன்னு. நாய் வர்ற அளவுக்கு மழைய எழுதாம, ஒரு கிளாஸோட நிறுத்திக்கிறது. மழை அளக்கிற போத்தல்ல மிச்சம் இருந்தா வெளிய ஊத்திர்றது.”

“எங்கப்பா மூளை!” என்று மதுரன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

நாய் ஸ்டோரைத் தாண்டியது. மாரியம்மன் கோயிலைத் தாண்டியது. அது மேலே ஏற ஏற, கீழ்க்கணக்கு லயத்தில் மஞ்சள் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

“தூங்கப் போறாங்க,” என்றாள் சுலக்ஷனா. சின்ன வயதில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த இடத்தில்தான் செல்லசாமி வந்து ப்ளக்கைப் பிடுங்குவார். இருவரும் தோட்டத்துப் பாதையில் தலைதெறிக்க ஓடுவார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று யாரும் பார்த்ததில்லை.

இன்றைக்குப் பிடுங்குவதற்கு ஆள் இல்லை.

நாய் மாதா கோயில் வாசலில் போய் உட்கார்ந்தது. கீழே பார்த்தபடி உட்கார்ந்தது. வால் ஆடவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“முடிஞ்சிருச்சா?” என்றாள்.

“இரு.”

கீழ்க்கணக்கு லயத்துக்கு மேலே உள்ள தேயிலை மலையில் ஒரு பச்சைப் புள்ளி செம்மண் நிறமானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அதற்குக் கீழே. யாரோ மேலேயிருந்து தேத்தண்ணியைக் கொட்டியது போல, அந்த நிறம் அவசரமே இல்லாமல் கீழே இறங்கி வந்தது. லயத்தின் கூரையைத் தொட்டது. இறங்கியது. மறுபடி பார்க்கும்போது அங்கே லயம் இல்லை. சிவப்பு மட்டும் இருந்தது.

அதன் மேல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தது. மதுரன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“கீழ்க்கணக்கு ஆட்களை மேலே ஏத்துங்க. யோசிக்காதீங்க. அலோசியஸ்.”

தகரத்தில் மழை விழும் சத்தம் திடீரென்று கூடியது போல இருந்தது.

“வெளையாட்டுக்குப் போட்டதில்ல இது,” என்றான் மதுரன். சிரிப்பு அவன் முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. “அப்பா ஒருதடவ சொல்லியிருக்காரு. அலோசியஸ் ஐயா அந்தக் காலத்துத் துரைகிட்ட போயி, மழை கூடினா மணியடிக்கிற மாதிரி ஒண்ணு செய்யவான்னு கேட்டாராம். ஆளுங்களப் பயமுறுத்தி வேலைக்கு வராம செய்யாதன்னு துரை திட்டி அனுப்பிட்டாராம். அதத்தான் மனுஷன் இப்படி ஒளிச்சு வச்சிருக்காரு. நாம என்னடான்னா...”

சுலக்ஷனா அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாக ஒபிஸ் வாசலில் நிற்கும் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் வேரடியில் மண் கரைந்து ஒரு குழி விழுந்திருந்தது.

“மதுரா, இன்னிக்குக் காலையில போத்தல நான்தான் எடுத்தேன்.”

“எந்தப் போத்தல்?”

“மழை போத்தல். ஒரு கிளாஸ் ஊத்தி அளந்தேன். எழுதினேன். மிச்சத்த ரோசாவுக்கு ஊத்தினேன்.”

“இப்பவுமா? அந்தப் பழக்கம் இப்ப எதுக்கு? நாய்தான் இல்லையே. டெப்லட்லதானே எழுதுறீங்க?”

“எதுக்குன்னு யாரு கேட்டா? உங்கப்பா பழக்குனாரு. அவருக்குப் பெறகு வந்தவங்களுக்கு நாயே தெரியாது. ஒரு கிளாஸுக்கு மேல எழுதக்கூடாதுங்கிறது மட்டும் தெரியும். எனக்கு நாயத் தெரியும். தெரிஞ்சும் கை பாட்டுக்கு ஊத்துச்சு.”

“எத்தன கிளாஸ் இருந்துச்சு, மிச்சம்?”

“போத்தல் நெறஞ்சு வழிஞ்சு நின்னுச்சுடா. இன்னிக்கு மட்டுமில்ல. நேத்தும். முந்தா நாளும்.”

மதுரன் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினான். பொய் மழையை அழித்துவிட்டு, நினைவிலிருந்த வரைக்கும் நிஜ மழையை அவள் போட்டாள். எத்தனை தடவை கிளாஸைச் சாய்த்தாள், எவ்வளவு வழிந்து கிடந்தது என்று கண்ணை மூடி நினைத்து நினைத்துப் போட்டாள். கடைசி எண்ணைத் தட்டியதுதான் தாமதம், நாய் எழுந்தது.

இந்தத் தடவை அது நடக்கவில்லை. ஓடியது.

அவள் முன்னறைக்குப் போய் டெப்லட்டை எடுத்தாள். புதிதாக வந்த செயலி. மண்சரிவு அபாயத்தை நிறத்தில் காட்டும். அந்தந்தத் தோட்டத்து மழை அளவை வைத்துத்தான் காட்டும். வெள்ளிக்கல் என்ற பெயருக்குப் பக்கத்தில் இளந்தளிர் போல ஒரு பச்சை வட்டம். பழைய வருஷங்களின் கணக்கும் அதற்குள்தான் ஏற்றப்பட்டிருந்தது. அத்தனை வருஷமும் நாய்க்கு முன்னால் நிறுத்திய மழை. மாவட்டம் முழுவதற்கும் எச்சரிக்கை என்று ரேடியோ நாட்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாலும், டெப்லட் பச்சை காட்டுகிறவரை தோட்டத்தில் யாரும் அசையமாட்டார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே மேல மாதா கோயிலுக்குப் போங்க.”

“எதுக்குடி? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“கதவு இறுகினது மரம் ஊறி இல்லம்மா. மண்ணு நகருது. நிலைய நெருக்குது. கெளம்புங்க.”

“யாரு சொன்னா?”

நாய் சொன்னது என்று சொல்ல முடியுமா? “ஒபிஸ்ல தெரியுதும்மா,” என்றாள்.

“ஒபிஸ்ல தெரிஞ்சா ஸ்டோர்ல சங்கு ஊதுவாங்கல்ல? போன மழைக்கு இப்படித்தான் ஒருத்தன் சொன்னான்னு மேல போயி பள்ளிக்கூடத்துல உக்காந்துட்டு வந்தோம். வந்து பாத்தா கோழி ஒண்ணையும் காணோம். லயமே சிரிச்சுது. சங்கு ஊதட்டும், நாலு பேரோட நானும் வாரேன். என் காலுக்கு இந்த மழையில ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு எங்கடி ஏற? சோறு வேற கொதிக்குது.”

“அம்மா, சோத்த விடுங்க...”

“சங்கு ஊதட்டும் புள்ள.” போன் அணைந்துவிட்டது.

மதுரன் அதற்குள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான். “நான் கீழ போறேன். உங்கம்மாவத் தூக்கிக்கிட்டாச்சும் வந்துர்றேன். ஆனா மத்தவங்க என் பேச்ச கேக்கமாட்டாங்க, சுலா. கொழும்புல இருந்து வந்த பைத்தியம்னுதான் சொல்லுவாங்க. நீ சங்கப் பாரு.”

அவன் மழைக்குள் இறங்கினான். கொஞ்ச தூரத்தில் மூடுபனி அவனை விழுங்கிவிட்டது. வெறுங்கால்கள் சேற்றில் விழும் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்டது.

ஸ்டோருக்குப் போன் போட்டாள். சங்கு ஊதுகிற சுமன் சிரித்தான். “துரை சொல்லாம ஊதினா நாளைக்கு எனக்குத்தான் சங்கு, அக்கா.” பிறகு அவள் குரலைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். “சுவிட்ச் பக்கத்துலதான் நிக்கிறேன். துரை ஒரு வார்த்தை சொல்லட்டும், ஒடனே ஊதுறேன்.”

பங்களாவுக்குப் போட்டாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இளவயசுக்காரர். கெட்டவர் இல்லை. தமிழிலேயே பேசுவார், ஆட்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார். எதையும் டெப்லட்டில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“சேர், கீழ்க்கணக்கு ஆளுங்கள மேல எடுக்கணும். சங்கு ஊதச் சொல்லுங்க.”

“ஏன், என்ன நடந்தது?”

“லயத்துல கதவெல்லாம் இறுகுது சேர். பீலியில சேறு வருது.”

“மழை காலத்தில் அது வரும்தானே, சுலக்ஷனா? ஒரு நிமிஷம்.” தாள் புரளாத, விரல் மட்டும் உராய்கிற சத்தம். “என்கிட்ட பச்சை காட்டுது. கொழும்பிலும் கம்பெனிக்காரங்க பச்சைதான் பாக்குறாங்க. பச்சையா இருக்கும்போது சங்கு ஊதினா நான் என்ன விளக்கம் சொல்ல?”

“அந்தப் பச்சை பொய் சேர்.”

“பொய்யா?”

“மழை நாங்க எழுதின அளவு இல்ல சேர். ஒரு கிளாஸோட நிறுத்திட்டு மிச்சத்தக் கொட்டிட்டோம். இன்னிக்கும் நான்தான் கொட்டினேன்.”

துரையின் மூச்சு கேட்டது. பங்களாவின் கூரையில் விழும் மழை கேட்டது. அவர் மறுபடி பேசும்போது சிங்களத்துக்கு மாறியிருந்தார். எப்போதிருந்து, என்று கேட்டார். யார் சொல்லி, என்று கேட்டார். எத்தனை வருஷக் கணக்கு இப்படி, தனக்கு முன்னால் இருந்த துரைக்குத் தெரியுமா, இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எங்கே வைப்பது என்று பார்த்து வைக்கிற குரல் அது.

பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே பழைய திரை ஒளிர்வது அவளுக்குத் தெரிந்தது. நாய் கோயில் வாசலுக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. கீழ்க்கணக்கில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் பாக்கி.

வெளியே, மூடுபனிக்குள், கீழே எங்கோ ஒரு மரம் முறியும் சத்தம். அதன் பின்னால் இன்னொன்று. மதுரனின் குரல் போல ஏதோ கேட்டது, மழையாகவும் இருக்கலாம்.

“சுலக்ஷனா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல்ல,” என்றார் துரை.

அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

“சேர், யாரு எழுதினது, எப்ப இருந்துன்னு எல்லாத்தையும் நாளைக்குக் கேளுங்க. எல்லாம் நான்தான்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். சுமன் சுவிட்ச் பக்கத்துலதான் நிக்கிறான். எங்கம்மா அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு சங்குக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க சேர். சங்க மட்டும் ஊதச் சொல்லுங்க.”